முதலில் மேசை வரட்டும்

யாழ்ப்பாணத்தில் புதிதாக விளையாட்டு இயந்திரம் செய்து விற்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



நான் சுன்னாகத்தில் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பி எரிந்தாலும் வீட்டு விசிறி நின்றாலும் என்னுடைய மேசைக்குத்தான் வரும். கொஞ்சக் காலமாக அதே மேசைக்கு இரண்டு அங்குல நீளத்தில், நடுவே இரும்புத் தண்டு ஓடுகிற சின்னக் கொயில்களும் வருகின்றன. பின்போல் மேசை செய்கிறோம் என்று சொல்லி நீங்கள் கொண்டுவருபவை. கொயிலைச் சுற்றிக்கொண்டே உங்கள் திட்டத்தையும் கேட்டேன். நல்ல படம் ஒன்று வரைவித்து, பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் அறிவித்து, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட ஆக்களிடம் முற்பணம் எடுத்து, அந்தக் காசில் முதல் ஐம்பது மேசை. இதே திட்டத்தை வேறு வேறு சாமானுக்கு வேறு வேறு பிள்ளைகள் வாயிலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் ஆளாளுக்குச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். மேசைக்கு முன்னால் செய்தியை ஓடவிடாதீர்கள். ஓடவிட்ட கொம்பனிகளின் கதை உலகத்தில் நிறையக் கிடக்கிறது. நீங்கள் விரும்புகிற அதே தொழிலில், இந்தப் பதினைந்து வருடத்துக்குள் நடந்த கதைகள்.

பின்போல் தெரியாத வாசகருக்கு இரண்டு வரி. கண்ணாடி மூடிய, காலுள்ள மேசை. உள்ளே பலகை ஆறரைப் பாகை அளவில் சரிந்திருக்கும். 27 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு ஒன்று மேலிருந்து உருண்டு வரும். கீழே இருக்கிற இரண்டு தட்டிகளால் அதைத் திரும்ப மேலே அடிக்க வேண்டும், விழவிட்டால் ஆட்டம் போச்சு. ஆணி அடித்த பலகையில் குண்டு ஓடவிட்டு எண் சேர்க்கிற பகடெல் விளையாட்டை எங்கள் வயதுக்காரர் சிலர் வீட்டில் கண்டிருப்பார்கள். அதுதான் இதன் தாத்தா. 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மொன்டேகு ரெட்கிரேவ் என்பவர் பகடெலுக்கு ஒரு சுருள்வில் தண்டைப் பொருத்திக் காப்புரிமை எடுத்தார். தட்டிகள் வந்தது 1947இல், கொட்லீப் கொம்பனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' மேசையில்.

அந்தக் காலத்தில் இந்தச் சாமான் எப்படி விற்றது என்பதை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். 1931இல் டேவிட் கொட்லீப் 'பஃபிள் போல்' என்ற மேசையை 17.50 டொலருக்கு விற்றார். உலகமே பஞ்சத்தில் கிடந்த நேரம். ஆனால் வாங்கியவன் ஒரு கடைக்காரன். ஒரு சதம் போட்டால் ஒரு ஆட்டம். சனம் சதம் சதமாகப் போட, மேசை தன் விலையைத் தானே கெதியில் திருப்பிக் கொடுத்துவிடும். விற்பனை முகவர் ரேமண்ட் மொலோனிக்கு பஃபிள் போல் கேட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவரே 'பாலிஹூ' என்று ஒரு மேசை செய்தார், அதுதான் பிறகு 'பாலி' என்ற பெரிய கொம்பனியானது. இரண்டிலும் அறிவிப்புக்குப் பெரிய வேலை இல்லை. கடையில் மேசை நின்றது, காசுப்பெட்டி நிறைந்தது, பக்கத்துக் கடைக்காரன் அதைக் கண்ணால் கண்டான்.

வீடியோ கேம் வந்ததும் இது சரியத் தொடங்கியது. 1999 ஒக்டோபரில் வில்லியம்ஸ் கொம்பனி பின்போல் பகுதியை இழுத்து மூடியது. அதன்பிறகு பெருமளவில் செய்ய மிஞ்சியது ஸ்டேர்ன் ஒன்றுதான். அந்த இடைவெளியில் வாங்குகிறவன் மாறிவிட்டான் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தேத்தண்ணீர்க் கடைக்காரனின் இடத்தில் வீட்டு நிலவறையில் ஐந்தாறு மேசை அடுக்கி வைத்திருக்கிற சேகரிப்பாளன் வந்து நின்றான். அவனுக்குக் காசுப்பெட்டிக் கணக்குத் தேவையில்லை. அடுத்து என்ன படத்தின் பெயரில், எந்த வடிவமைப்பாளர், எத்தனை மேசை மட்டும் என்பதுதான் அவனுக்குச் சுவை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு படமும் ஒரு பெயரும் காட்டினால் போதும், காசு கொடுப்பான். 2011க்குப் பிறகு புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கதவால்தான் உள்ளே நுழைந்தார்கள்.

ஜெர்சி ஜக் பின்போல் 2011 தொடக்கத்தில் உருவானது. 'விசார்ட் ஒஃப் ஒஸ்' மேசையை அறிவித்து முற்பணம் எடுத்தது. மேசைகள் போய்ச் சேரத் தொடங்கியது 2013இல். இடையில் எத்தனை பேர் பொறுமை இழந்து திட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் மேசை வந்தது, நன்றாகவும் இருந்தது, கொம்பனி இன்றைக்கும் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் இந்த ஒரு கதையைத்தான் எனக்குச் சொல்கிறீர்கள்.

மற்றக் கதைகளையும் கேளுங்கள். ஜோன் பொபடியக் சின்ன ஆள் இல்லை. 'தியேட்டர் ஒஃப் மேஜிக்', 'டேல்ஸ் ஒஃப் தி அரேபியன் நைட்ஸ்' இரண்டும் அவர் வடிவமைத்தவை. அவர் சிட்வேர் என்று தனிக் கொம்பனி தொடங்கி, 'மேஜிக் கேர்ல்' என்ற மேசைக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேலாக முற்பணம் வாங்கினார். அது முடியும் முன்னரே அடுத்த மேசைக்கும், அதற்கடுத்ததற்கும் காசு எடுக்கப்பட்டது. 2015இல் கையில் காசும் இல்லை, மேசையும் இல்லை. அதே வருடம் ஸ்கிட்-பி என்ற இன்னொரு கொம்பனி கவிழ்ந்தது. அவர்கள் 'பிரெடேட்டர்' படத்தின் பெயரில் 250 மேசை என்று அறிவித்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்தப் பெயரைப் பாவிக்க உரிமையே கையில் இருக்கவில்லை.

ஹைவே பின்போல் பிரித்தானியாவில், வேல்ஸ் பக்கத்தில் இருந்தது. 'ஏலியன்' மேசை சிலருக்குப் போனது, மற்றவர்கள் காத்திருக்க 2018இல் கொம்பனி கலைக்கப்பட்டது. டெக்சஸில் டீப்ரூட் பெரிய பெரிய அறிவிப்புகளோடு வந்தது. 2021 ஓகஸ்டில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு அதன் முதலாளிமீது முதலீட்டாளரை ஏமாற்றியதாக வழக்குத் தொடுத்தது. திரட்டிய தொகை ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் டொலர்.

இவர்கள் எல்லோரையும் கள்ளர் என்று ஒரே சாக்கில் போடுவது அநியாயம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது டச்சுப் பின்போல். நெதர்லாந்துக்காரர். 2014இல் 'த பிக் லெபோவ்ஸ்கி' மேசையை 8,500 டொலர் என்று அறிவித்தார்கள். மேசை உண்மையாகவே இருந்தது. ஆடிப்பார்த்தவர்கள் நல்லதென்றே சொன்னார்கள். ஆனால் பொருத்தித் தருவதை வெளி ஆலை ஒன்றிடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆலையோடு காசுத் தகராறு வந்து நீதிமன்றம்வரை போக, காசு கட்டியவர்களில் கொஞ்சப் பேருக்கே மேசை கிடைத்தது, மற்றவர்கள் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேறு வழியில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தைச் சுன்னாகத்தில் ஒரு இளைஞன் எப்படிக் கடப்பான்? அங்கே வாங்கியவன் கடிதம் எழுதுவான், வழக்குப் போடுவான். இங்கே உங்கள் அம்மா கோயிலுக்குப் போகிற வழியில் நிற்பாட்டிக் கேட்பார்கள். சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போன வீட்டாரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் பிந்துகிறது என்பதும் விளங்க வேண்டும். ஒரு முழுப் பின்போல் மேசைக்குள் 3,500 சாமானுக்கு மேல் இருக்கிறது. வயர் மட்டும் அரை மைல். அதில் என் கையால் தொட்ட ஒரே ஒரு சாமானைப் பற்றிச் சொல்கிறேன். தட்டியை அசைக்கிற கொயிலில் இரண்டு சுற்று இருக்கும். ஒன்று தடித்த கம்பி, குண்டை அடித்து அனுப்ப. மற்றது மெல்லிய கம்பி, பொத்தானை அமர்த்திப் பிடித்திருக்கும்போது தட்டியை மேலேயே நிறுத்தி வைக்க. தட்டி உச்சிக்கு வந்ததும் ஒரு சின்னச் சுவிட்ச் திறந்து மின்னை மெல்லிய சுற்றுக்கும் சேர்த்து அனுப்பும். அந்தச் சுவிட்ச் ஒரு முறை திறக்காமல் விட்டால் தடித்த சுற்றில் முழு மின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், சில நொடியில் எனாமல் கருகி மணக்கும். நீங்கள் கொண்டுவந்த கொயில்களில் பாதிக்கு மேல் கருகியது இப்படித்தான். புதுக்கொயில் சுற்ற எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். சுவிட்சின் தகடு ஏன் வளைகிறது, எத்தனையாவது ஆட்டத்தில் வளைகிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மாதம் போனது. அப்படி 3,500 சாமான் இருக்கிறது. திகதி குறித்து அறிவிக்க முன்னர் இதை எண்ணிப் பாருங்கள்.

இலங்கையில் இருந்துகொண்டு முற்பணம் வாங்குவதில் இன்னொரு குழி இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல். மே மாதத்தில் 360. அந்தப் பெப்ரவரியில் ஒருவரிடம் ரூபாயில் விலை பேசிக் காசு வாங்கியிருந்தால், சீனாவிலிருந்து வரவேண்டிய போர்ட்டும் எல்.ஈ.டியும் உருக்குக் குண்டும் என்ன விலையாகியிருக்கும்? வாங்கிய காசில் பாதிச் சாமான்கூட வந்திராது. எந்தப் பிழையும் செய்யாமலே நீங்கள் ஏமாற்றுக்காரராகியிருப்பீர்கள். அந்த மாதங்களில் செப்புக்கம்பிக்கு நேற்றுச் சொன்ன விலையை இன்றைக்குச் சொல்ல முடியாமல், வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்ட கடைக்காரர் இந்தச் சந்தியில் எத்தனை பேர்.

இனி எங்கள் ஊர்ச் செய்தியைப் பற்றி. இங்கே ஒரு பிள்ளை எதையாவது செய்தால் 'யாழ். இளைஞரின் சாதனை' என்று படம் வந்துவிடும். யூரியூப்காரர் கமெராவோடு வீட்டு வாசலுக்கு வருவார். ஒரு அரசியல்வாதி பொன்னாடை போர்த்துவார். அந்தச் செய்தியில் சாமானின் விலை இருக்காது. எங்கே வாங்கலாம், பழுதானால் யார் திருத்துவார் என்பதும் இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று எவரும் எழுதுவதில்லை. இந்தச் செய்திகளில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவர் அதைப் பார்த்துப் பெருமைப்படுவார், பகிர்வார், நூறு டொலர் அனுப்பவும் கூடும். அவர் பெருமைக்குக் காசு கொடுக்கிறார். 110 கிலோவுக்கு மேல் பாரமான ஒரு மேசையைக் கப்பலில் ஏற்றி ரொறன்ரோவில் இறக்க என்ன செலவு என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இதே சுன்னாகத்தில் செய்தியையும் வியாபாரத்தையும் ஒன்றாக நடத்திக் காட்டியவர் ஒருவர் இருந்தார். 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையா. தனலக்குமி புத்தகசாலையும் திருமகள் அழுத்தகமும் அவருடையவைதான். பத்திரிகையில் ஒரு நூலைப் பற்றிப் படித்தவன் கடைக்கு வந்தால் நூல் தட்டில் இருக்கும். புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை வெளியிட்டவரும் அவரே. இலகுவில் விற்கிற சரக்கா அது? 1951இல் அவர் போனபிறகும் ஈழகேசரி 1958வரை வந்தது. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரக்காரரின் கதையும் இதற்குக் கிட்டத்தான். 'மில்க்வைற் செய்தி' என்று ஒரு இதழே நடத்தினார்கள். அதில் சவர்க்காரத்தைவிடச் சமயமும் வரலாறும் பனையும்தான் அதிகம். வீட்டில் சவர்க்காரம் நுரைத்துக்கொண்டிருந்தபடியால் இதழ் எதைப் பேசினாலும் சனம் வாசித்தது.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் இந்த ஊரில் இருந்தே படிக்கலாம். சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை 2014, 2015இல் நாங்கள் வாளியில் கண்டோம். அதன்பிறகு ஒரு குழு ஒன்று சொன்னது, இன்னொரு குழு வேறொன்று சொன்னது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தின் மின் உற்பத்திக் கொம்பனியை இரண்டு கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அதற்குள் எந்த அறிக்கையையும் நம்பாத பழக்கம் சனத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் போத்தல் தண்ணீர் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் உங்கள் மேசை பிந்தினால், பிந்துகிறது என்று தெரிந்த அன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். எந்தச் சாமான், ஏன், எவ்வளவு நாள் என்று பெயர் சொல்லி. சிட்வேரில் காசு கட்டியவர்களை அதிகம் எரிச்சலாக்கியது, மேசை வராத காலத்திலும் புதுப் படங்கள் வந்துகொண்டிருந்ததுதான்.

அறிவிப்பில்லாமல் எப்படி விற்பது என்று கேட்பீர்கள். ஸ்பூக்கி பின்போலைப் பாருங்கள். விஸ்கொன்சின் மாநிலத்தில் பென்டன் என்ற குட்டி ஊரில் ஒரு குடும்பம் நடத்துகிற கொம்பனி. முதல் மேசையை 150 மட்டும் என்று சொல்லி, 150ஐச் செய்து கொடுத்தார்கள். அதன்பிறகுதான் அடுத்தது. அமெரிக்கன் பின்போல் கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட. அதன் பின்னால் இருந்தது எயிம்ட்ரோன் என்ற மின்னணுப் பொருத்தும் கொம்பனி, அவர்களுக்குக் குஜராத்தின் வடோதராவிலும் ஆலை உண்டு. மற்றவர்களுக்கு சேர்க்கிட் போர்ட் செய்து கொடுத்த கைகள் 2017இல் 'ஹூடினி' மேசையோடு வந்தன. அறிவிக்கும்போது அவர்களிடம் ஏற்கெனவே ஆட்களும் இயந்திரங்களும் சம்பளப் பட்டியலும் இருந்தன.

உங்களிடம் ஆலை இல்லை. ஆகவே என் யோசனை, விற்காதீர்கள். வையுங்கள். 1931இல் கடைக்காரனுக்கு நடந்த வழிக்குத் திரும்பிப் போங்கள், ஆனால் மேசை உங்களுடையதாகவே இருக்கட்டும். சுன்னாகம் பஸ் நிலையத்தடித் தேத்தண்ணீர்க் கடையிலோ சலூனிலோ ஒன்றை வைத்து, விழுகிற காசில் கடைக்காரருக்குப் பாதி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மேசைக்கு எட்டு இலட்சம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 50 ரூபா, நாளுக்கு 40 ஆட்டம். 2,000 ரூபாயில் உங்கள் பங்கு ஆயிரம். எண்ணூறு நாள் ஓடினால்தான் முதல் திரும்பும், அதற்குள் எத்தனை கொயில் எரியும்! எட்டு இலட்சத்து மேசை சுன்னாகத்துக்குச் சரிவராது. மூன்று இலட்சத்துக்குள் அடங்குகிற மேசை என்றால் முந்நூறு நாள், அது நடக்கும். படத்தின் பெயர் வேண்டாம், உரிமைக்காசு மிச்சம். மேலே பெரிய திரை வேண்டாம். பாதி அளவுப் பலகை, நான்கு கொயில், எண் காட்ட ஒரு சின்ன விளக்குப் பலகை. கண்ணாடிக்கு மேலே நின்று பார்க்கிற பெடியளுக்கு அது போதும். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். நீங்கள் வரைந்து வைத்திருக்கிற மேசை மிக அழகானது.

கடையில் வைத்தால் வரக்கூடிய ஒரு வில்லங்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காசு போட்டு ஆடுகிற பெட்டி என்றால் எங்கட சனத்துக்கு நினைவு வருவது ஜக்பொட்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சூதுக்குப் பழக்குகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் போதும், கடைக்காரர் அன்றைக்கே மேசையைத் தூக்கச் சொல்வார். நியூயோர்க்கிலேயே இது நடந்தது. 1942இல் மேயர் லா கார்டியா பின்போலைச் சூது என்று தடை செய்து, மேசைகளைச் சம்மட்டியால் உடைக்கிற படத்துக்கும் நின்றார். தடை நீங்கியது 1976இல். ரொஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகரசபைக் குழுவுக்கு முன்னால் மேசையை வைத்து, குண்டை எந்த வழியால் அனுப்பப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அனுப்பிக் காட்டினார். முப்பத்து நான்கு வருட வாதம் அந்த ஒரு அடியில் முடிந்தது. நீங்களும் கடைக்குக் கொண்டுபோக முன்னர் அயலில் உள்ள அதிபர், கோயில் தர்மகர்த்தா, பொலிஸ் நிலையத்தில் இருக்கிறவர் என்று நாலு பேரை அழைத்து ஆட விடுங்கள். பரிசுக்காசு எதுவும் கிடையாது என்று மேசையிலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பள்ளிக்கூட நேரத்தில் பூட்டி வையுங்கள்.

இவ்வளவும் ஓடி, நாலைந்து மேசை ஒரு வருடம் நின்று பிடித்ததும், ஜனவரியில் முற்றவெளியில் நடக்கிற சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்குக் கொண்டுபோங்கள். அங்கே யூரியூப்காரர் வரட்டும். அவர்களிடம் எத்தனை ஆட்டம் ஆடப்பட்டது, எத்தனை முறை பழுதானது, பழுது பார்க்க எவ்வளவு முடிந்தது என்று கொப்பியைத் திறந்து காட்டுங்கள். வெளிநாட்டு உறவு ஒருவர் காசு போட விரும்பினால், வராத மேசைக்கு முற்பணமாக வாங்காமல், ஓடுகிற மேசையில் பங்காக எழுதிக் கொடுங்கள். நட்டம் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு என்று தெளிவாகவே எழுதுங்கள். அதற்குச் சம்மதிக்காதவர் காசு உங்களுக்கு வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். 50 ரூபாவுக்கு ஒரே குற்றி எங்களிடம் இல்லை. பத்து ரூபாக் குற்றி ஐந்து போட வைத்தால் சனம் அலுத்துவிடும், கடைக்காரரிடம் சில்லறையும் இராது. கடையில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு பித்தளைத் தகடு வெட்டுவியுங்கள். லேத் வேலைக்கு யாரிடம் போகலாம் என்று நான் சொல்கிறேன். கொயில் இனி எண்ணிச் சுற்றித் தருகிறேன், பழைய கணக்கில் மூன்றுக்கான காசு இன்னும் வரவில்லை என்பதையும் இந்த மடலில் எல்லோர் முன்னும் நினைவூட்டுகிறேன்.

அன்புடன்,
சுன்னாகத்து வைண்டிங்கடை அண்ணன்